ஃப்ரூம் பானையில் இருந்த 52,503 காசுகள்

2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், ஃப்ரூம் என்னும் சிறு நகரத்துக்கு அருகிலுள்ள வயல் ஒன்றில் புதைந்திருந்த ஒரே பானையிலிருந்து 52,503 ரோமானியக் காசுகள் எடுக்கப்பட்டன. அவற்றின் மொத்த எடை ஏறக்குறைய 160 கிலோ. அத்தனை காசுகளிலும் நல்ல வெள்ளிக் காசுகள் ஐந்தே ஐந்து. தங்கக் காசு ஒன்றுகூட இல்லை. எஞ்சியவை எல்லாம் வெள்ளிக் காசு என்ற மதிப்பில் பிறந்து, அரசர்கள் மாற மாற வெள்ளி குறைந்து, கடைசியில் செம்பாகவே ஆகிவிட்ட மட்டமான காசுகள்.

கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைக்கும் தேய்ந்த சிறு செப்புக் காசுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து, எழுத்து ஏதேனும் தெரிகிறதா என்று தேடிப் பழகியவன் நான். அப்படிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என்னை வருத்துவது ஒன்றுதான்: அந்தக் காசு எங்கே, எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பது எடுத்தவருக்கும் நினைவில்லை, விற்றவருக்கும் தெரியாது. ஃப்ரூம் பானையைப் பற்றி நான் எழுத விரும்புவதற்குக் காரணம் அதில் இருந்த காசுகளின் எண்ணிக்கை அன்று. எந்தக் காசு பானையின் எந்த மட்டத்தில் கிடந்தது என்பது அங்கே பதிவாகியிருக்கிறது என்பதே காரணம். அந்த ஒரு பதிவு, 1,700 ஆண்டுகளுக்கு முன் அந்த வயலில் என்ன நடந்தது என்ற கேள்வியின் போக்கையே மாற்றிவிட்டது.

கண்டெடுத்தவர் டேவ் கிரிஸ்ப் என்பவர். மருத்துவமனை ஒன்றில் சமையலராகப் பணியாற்றிய அவர், ஓய்வு நேரத்தில் நிலத்தின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று மெட்டல் டிடெக்டருடன் வயல்களில் தேடும் பழக்கமுடையவர். அதே இடத்தில் அவருக்கு முன்னரே நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த வெள்ளிக் காசுகள் சிதறிய நிலையில் கிடைத்திருந்தன. ஏப்ரல் 11ஆம் நாள் மீண்டும் அங்கே தேடியபோது கருவி ஒலித்த இடத்தில் ஓரடிக்குச் சற்று அதிகமாகத் தோண்டினார். களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு சிறு காசுகள் வந்தன. அடுத்து ஒரு பானையின் மேற்பகுதி தென்பட்டது. கை வைத்தால் காசு வரும் என்ற அந்த நிலையில் அவர் தோண்டுவதை நிறுத்தினார். குழியை மண்ணிட்டு மூடிவிட்டு, இத்தகைய கண்டெடுப்புகளைப் பதிவு செய்வதற்கென்று அரசு நியமித்திருக்கும் அலுவலருக்குத் தகவல் சொன்னார். அதற்குப் பிறகு ஆய்வாளர்களுக்குத் தெரியவந்த அனைத்தும் அந்த நிறுத்தத்திலிருந்து பிறந்தவை என்றே நான் கருதுகிறேன்.

அவ்வாறு நிறுத்துவதற்கு மனிதரின் நேர்மை வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் நேர்மையாக நடப்பவரை நட்டப்படுத்தாத சட்டமும் வேண்டும். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம் 1997 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. 300 ஆண்டுகளுக்கு மேல் பழைமையான தங்க, வெள்ளிக் காசுகள் இரண்டு சேர்ந்து கிடைத்தாலும், மட்டமான உலோகக் காசுகள் பத்து சேர்ந்து கிடைத்தாலும் அதைப் புதையல் என்று அறிவிக்க வேண்டும். விசாரணை அதிகாரி அதைப் புதையல் என உறுதிசெய்தால், அருங்காட்சியகம் ஒன்று சந்தை மதிப்பைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தொகை கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பிரித்துத் தரப்படும். ஃப்ரூம் புதையல் 3,20,250 பவுண்டு என்று மதிப்பிடப்பட்டது. தேசிய மரபு நினைவு நிதியின் பெரும் உதவியோடும் கலை நிதியத்தின் துணையோடும் பொதுமக்கள் தந்த சிறு தொகைகளோடும் 2011இல் சாமர்செட் அருங்காட்சியகத்துக்காக அது வாங்கப்பட்டது. நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் இருப்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எந்தப் புதையலையும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் அறிவிப்பவர் வீட்டு வாசலுக்கு வந்து பொருளைப் பார்த்துப் பதிவு செய்துகொண்டு போகும் அலுவலர் ஒருவர் வட்டந்தோறும் இருந்திருந்தால், உருக்கப்பட்டும் சிதறியும் போன எத்தனை குவியல்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தகவல் கிடைத்ததும் அகழாய்வாளர் ஆலன் கிரஹாம் சிறு குழுவுடன் வந்து மூன்று நாட்கள் அங்கே பணிசெய்தார். பானையின் உயரம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர், அகன்ற பகுதியின் விட்டம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர், வாய் குறுகியது, அதன்மேல் ஒரு சிறு கிண்ணம் கவிழ்த்து மூடியாக வைக்கப்பட்டிருந்தது. சுவர் மெல்லியது. மண்ணின் அழுத்தத்தால் பானை புதைந்த இடத்திலேயே விரிசல் விட்டிருந்ததாலும், உள்ளே இருந்த பளுவாலும், முழுதாகத் தூக்கி எடுக்கும் வழி இல்லை. ஆகவே அவர்கள் பானையை அது இருந்த நிலையிலேயே விட்டு, காசுகளை மேலிருந்து கீழாக அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனிப் பைகளில் இட்டு எண் குறித்தார்கள். பல்லாயிரம் காசுகள் சேற்றோடு ஒட்டிக் கிடக்கும்போது அவற்றை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு போவதுதான் எளிது. திறந்த வயலில் அந்த எளிய வழியைத் தவிர்த்துப் பைகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்த பொறுமைக்குத்தான் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பைகள் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. ஈரமான செப்புக் காசுகளை அப்படியே உலரவிட்டால் அவற்றின் களிம்பு இறுகி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பிறகு பிரிப்பது கடினம். எனவே சில வாரங்களுக்குள் எல்லாவற்றையும் கழுவி உலர்த்தினார்கள். நாணய ஆய்வாளர்களான ரோஜர் பிளாண்டும் சாம் மூர்ஹெட்டும் அவற்றை அரசர் வாரியாகப் பிரித்துப் பட்டியலிட்டார்கள். கி.பி. 253 முதல் 290களின் தொடக்கம் வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் ஆண்ட இருபதுக்கும் மேற்பட்ட பேரரசர்களின் பெயர்கள் அதில் இருந்தன. பிரிட்டனில் இதைவிட மிகுதியான காசுகள் கொண்ட ரோமானியப் புதையல் ஒன்றே ஒன்று, 1978இல் வில்ட்ஷர் பகுதியின் மில்டன்ஹாலில் கிடைத்த 54,951 காசுகள். அவையும் இரண்டு கலங்களில் இருந்தவை. ஒரே கலத்தில் கிடைத்த மிகப் பெரிய குவியல் ஃப்ரூமுடையது.

நாற்பது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட பேரரசர்கள் என்ற அந்தக் கணக்கே காலத்தின் நிலையைச் சொல்லிவிடும். இந்தக் காசுகள் எப்படி இவ்வளவு மட்டமாயின என்பதைப் பார்க்க வேண்டுமானால் நாம் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் காலத்துத் தெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசு ஏறக்குறையத் தூய வெள்ளி. எடை 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கோயம்புத்தூர் வட்டாரத்தில் குவியல் குவியலாகக் கிடைத்தவை பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இருவரின் இந்த நல்ல காசுகளே. மிளகுக்கும் துணிக்கும் மணிக்கற்களுக்கும் விலையாக வந்த அவற்றை இங்கிருந்த வணிகர்கள் உலோகத்தின் எடைக்காகவும் தூய்மைக்காகவும் ஏற்றார்கள். 1898இல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 தங்கக் காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் அரச முகத்தின் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருப்பது அந்த மனநிலையோடு பொருந்துகிறது. கி.பி. 64இல் நீரோ காசின் எடையையும் தூய்மையையும் ஒருசேரக் குறைத்தார். அடுத்த நூற்றாண்டின் முடிவில் செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் தெனாரியஸில் ஏறக்குறையப் பாதிதான் வெள்ளி.

அதற்குப் பிறகு சரிவு வேகமெடுத்தது. செவரஸின் மகன் காரகல்லா படைவீரர்களின் ஊதியத்தைப் பெரிதும் உயர்த்தினார். அந்தச் செலவைத் தாங்க 215இல் புதுக் காசு ஒன்றை வெளியிட்டார். அதில் அரசரின் தலையில் இலைமாலைக்குப் பதிலாகச் சூரியக் கதிர்கள் போன்ற கூர்முனைகள் கொண்ட முடி இருக்கும். இரண்டு தெனாரியஸ் மதிப்பு என்று கொள்ளப்பட்ட அந்தக் கதிர்முடிக் காசில் ஒன்றரைத் தெனாரியஸுக்கான வெள்ளிதான் இருந்தது. ஃப்ரூம் பானையை நிறைத்திருந்தவை இந்தக் கதிர்முடிக் காசின் வழிவந்தவையே. போர்கள் பெருகின, எல்லைகளில் படைகள் பெருகின, ஒவ்வொரு படையும் தன் தளபதியைப் பேரரசராக அறிவித்து, அறிவித்ததற்கு வெகுமதி கேட்டது. சுரங்கத்திலிருந்து வரும் வெள்ளி கூடவில்லை. இருக்கும் வெள்ளியை மேலும் மேலும் செம்போடு கலந்து அதிகக் காசுகளாக அச்சிடுவதே ஆட்சியாளர்களுக்குத் தெரிந்த வழியாக இருந்தது.

260இல் பேரரசர் வலேரியன் பாரசீக மன்னர் முதலாம் ஷாபூரிடம் போர்க்களத்தில் சிறைப்பட்டார். ரோமானியப் பேரரசர் ஒருவர் பகைவர் கையில் உயிரோடு சிக்கியது அதுவே முதல் முறை. அவருடைய மகன் கல்லியனஸ் எட்டு ஆண்டுகள் தனியாக ஆண்டார். அந்த ஆட்சியின் முடிவில் காசில் வெள்ளி ஏறக்குறைய மூன்று விழுக்காட்டளவுக்கு இறங்கியிருந்தது. ஃப்ரூமில் அவருடைய காசுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் பின்புறத்தில் மான், கலைமான், குதிரையுடல் கொண்ட மனிதன், கடற்குதிரை போன்ற உருவங்களையும், அந்த விலங்குகளைத் தமக்குரியவையாகக் கொண்ட டயானா, அப்பல்லோ, நெப்டியூன் முதலிய தெய்வங்களின் பெயர்களையும் காணலாம். ஆட்சியைக் காக்கும்படி ஒவ்வொரு தெய்வத்தையும் பெயர் சொல்லி வேண்டும் காசு வரிசை அது. மிக மட்டமான செம்புத் துண்டுகளில் செதுக்கப்பட்ட அந்த வேண்டுதல்களை, ரோமானியக் காசுகளிலேயே மனத்தை மிகவும் தொடுபவை என்று நான் சொல்வேன்.

வலேரியன் சிறைப்பட்ட அதே ஆண்டில் ரைன் எல்லையில் போஸ்டுமஸ் என்னும் தளபதி தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். கால் (இன்றைய பிரான்ஸும் அதையொட்டிய பகுதிகளும்), ஸ்பெயின், பிரிட்டன் ஆகிய மாகாணங்கள் அவர் பக்கம் சேர்ந்தன. அவர் ரோம் நகரின்மீது படையெடுக்கவில்லை. தன் பகுதியை மட்டும் ஆண்டார். இந்தக் காலிக் பேரரசு 274 வரை நிலைத்தது. போஸ்டுமஸ் தொடக்கத்தில் வெளியிட்ட காசுகள் கல்லியனஸின் காசுகளைவிடத் தரமானவை. அவருக்குப் பின் வந்த விக்டோரினஸ், டெட்ரிகஸ் ஆகியோரின் காலத்தில் அவையும் செம்பாகிவிட்டன. ஃப்ரூம் பானையிலுள்ள காசுகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்தக் காலிக் அரசர்களுடையவை. பிரிட்டனில் வாழ்ந்த ஓர் உழவனுக்கோ கடைக்காரனுக்கோ பதினான்கு ஆண்டுகள் ரோம் என்பது வேறொரு நாடாகவே இருந்தது என்பதை அந்த எண்ணிக்கை காட்டுகிறது. இத்தனைக்கும் பிரிட்டனில் அதுவரை காசு அச்சிடும் நிலையான அக்கசாலை எதுவும் கிடையாது. மாகாணத்துக்கு வேண்டிய காசு முழுதும் கடல் கடந்து கொலோன், ட்ரியர் போன்ற இடங்களிலிருந்து வர வேண்டியிருந்தது.

274இல் ஆரேலியன் டெட்ரிகஸைத் தோற்கடித்துப் பேரரசை மீண்டும் ஒன்றாக்கினார். அதே ஆண்டில் நாணயத்தையும் திருத்தினார். புதுக் காசு சற்றுப் பெரியது. இருபதில் ஒரு பங்கு வெள்ளி உண்டு என்பதைக் குறிப்பதாகப் பலரும் கொள்ளும் எண் அதன் அடியில் பொறிக்கப்பட்டது. தாளில் இது நல்ல ஏற்பாடுதான். பிரிட்டனுக்கு மட்டும் அதனால் பயன் விளையவில்லை. புதுக் காசுகள் அங்கே மிகக் குறைவாகவே வந்து சேர்ந்தன. வந்தவற்றையும் மக்கள் செலவழிக்காமல் ஒதுக்கி வைத்திருப்பார்கள், ஏனெனில் நல்ல காசும் கெட்ட காசும் ஒரே சந்தையில் புழங்கும்போது கையை விட்டுப் போவது கெட்ட காசாகத்தான் இருக்கும். ஆகவே மாகாணத்தில் பழைய கதிர்முடிக் காசுகளே தொடர்ந்து புழங்கின. அவையும் போதாமல் போனபோது உள்ளூரிலேயே அவற்றைப் பார்த்துப் போலிகளை அடித்தார்கள். நகம் அளவுக்குச் சிறுத்து, அரசரின் முகம் சிறு குழந்தை வரைந்தது போலவும் எழுத்துகள் வெறும் கோடுகளாகவும் ஆகிவிட்ட அந்தப் போலிகள் பிரிட்டனின் அகழாய்வுகளில் ஏராளமாகக் கிடைக்கின்றன. மோசடி என்று அவற்றை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. அரசு சில்லறை தராதபோது அன்றாட வாங்கல் விற்றலை நடத்த ஊர்மக்கள் செய்துகொண்ட ஏற்பாடு என்பதே பொருத்தமான விளக்கம்.

பானையின் கதையில் மிக வளமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த மெனப்பியர் இனத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் கராசியஸ். ஆங்கிலக் கால்வாயில் கொள்ளையடித்துக்கொண்டிருந்த பிராங்கியர்களையும் சாக்சன்களையும் அடக்கும் பொறுப்பைப் பேரரசர் மாக்சிமியன் அவரிடம் தந்தார். கொள்ளையர்கள் வரும்போது விட்டுவிட்டு, கொள்ளைப் பொருளோடு திரும்பும்போது பிடித்து, பொருளைத் தானே வைத்துக்கொள்கிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்து மரண ஆணை பிறந்தது. அதை அறிந்த கராசியஸ் 286ஆம் ஆண்டு வாக்கில் கப்பற்படையோடு பிரிட்டனுக்குச் சென்று, தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். கால்வாயின் தென்கரையிலும் ஒரு பகுதி அவர் கையில் இருந்தது. ஏழு ஆண்டுகள் ஆண்டார். இந்த வரலாற்றை நமக்குச் சொல்பவர்கள் எல்லாரும் அவருடைய பகைவர்களின் பக்கம் நின்றவர்கள் என்பதை மறக்கக் கூடாது. 289இல் மாக்சிமியனைப் புகழ்ந்து ஆற்றப்பட்ட அவையுரை ஒன்று, கராசியஸை ஒழிக்கக் கட்டப்பட்ட கப்பல்களைப் பெருமையோடு பேசுகிறது. 291இல் நிகழ்ந்த உரையில் அந்தக் கப்பல்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தப் படையெடுப்பு என்னவாயிற்று என்பதை அந்த மௌனத்திலிருந்து நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கராசியஸின் பக்கத்து வாக்குமூலம் அவருடைய காசுகளில் மட்டுமே இருக்கிறது. பிரிட்டனில் முதல்முறையாக முறையான அக்கசாலையை லண்டனில் நிறுவியவர் அவர். அவர் ஆட்சியின் தொடக்கத்தில் முகம் திருத்தமற்ற கதிர்முடிக் காசுகள் வெளிவந்தன. பழைய அரசர்களின் காசுகளை உருக்காமல் அவற்றின்மேலேயே தன் அச்சை அடித்தவையும் அவற்றுள் உண்டு. ஆனால் அவற்றோடு சேர்த்து அவர் வெள்ளித் தெனாரியஸையும் வெளியிட்டார், ஏறக்குறைய 90 விழுக்காடு தூய்மையில். ரோமானிய உலகில் பல தலைமுறைகளாக யாரும் கண்ணால் காணாத தரம் அது. மாக்சிமியனோடு சேர்ந்து ஆண்ட பேரரசர் டயோக்ளீஷியன் 294இல் நல்ல வெள்ளிக் காசை மீண்டும் கொண்டுவருவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, கலகக்காரன் என்று ஒதுக்கப்பட்ட ஒருவர் பேரரசின் ஓர் ஓரத்திலிருந்து அதைச் செய்துகாட்டினார். படைவீரர்களின் விசுவாசத்தை வாங்குவதே நோக்கம் என்று பலர் சொல்கிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் மட்டக் காசிலேயே ஊதியம் பெற்றுப் பழகிய வீரன் ஒருவன் அந்த வெண்மையான காசை உள்ளங்கையில் வாங்கியபோது, இந்த ஆட்சி வேறுபட்டது என்று எண்ணியிருப்பான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்த வெள்ளிக் காசுகளில் சிலவற்றின் பின்புறத்தில் பிரிட்டானியா என்னும் பெண் உருவம் அரசரின் கையைப் பற்றி வரவேற்கிறது. சுற்றிலும் "எதிர்பார்க்கப்பட்டவரே, வருக" என்ற பொருளுடைய லத்தீன் சொற்கள். அவை ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் காவியத்தை நினைவூட்டுபவை. காசுகளின் அடியில் ஆர்.எஸ்.ஆர். என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். பல காலம் அவற்றை ஏதோ அக்கசாலைக் குறி என்றே நினைத்திருந்தார்கள். 1990களில் வரலாற்றாசிரியர் கை டி லா பெடோயர், அவை "சனி தேவனின் பொற்காலம் திரும்புகிறது" என்ற வெர்ஜிலின் புகழ்பெற்ற அடியின் முதலெழுத்துகள் என்று விளக்கினார். கராசியஸின் பதக்கம் ஒன்றிலுள்ள மற்றோர் எழுத்துத் தொடர் அந்தப் பாடலின் அடுத்த அடியோடு சரியாகப் பொருந்துவதால் இந்த விளக்கம் வலுவானது. பேரரசின் ஓரத்தில், கடற்கரைக் குடியில் பிறந்த ஒரு படைத்தலைவரின் அவையில், வெர்ஜிலை முதலெழுத்துகளாலேயே அடையாளம் காணக்கூடிய மக்கள் இருந்தார்கள் என்பது வியப்புக்குரிய செய்தி. டயோக்ளீஷியன், மாக்சிமியன் இருவரின் முகங்களோடு தன் முகத்தையும் வரிசையாகப் பொறித்து, "கராசியஸும் அவருடைய சகோதரர்களும்" என்று எழுதிய காசும் அவருடையதே. அந்தச் சகோதரர்கள் இருவரும் அந்த உறவை ஒருபோதும் ஏற்கவில்லை.

293இல் மாக்சிமியனின் துணை அரசரான கான்ஸ்டான்ஷியஸ் கால்வாயின் தென்கரையிலிருந்த பூலோன் துறைமுகத்தைக் கைப்பற்றினார். அதன்பின் கராசியஸை அவருடைய அமைச்சரான அலெக்டஸே கொன்று ஆட்சிக்கு வந்தார். 296இல் அலெக்டஸும் வீழ்ந்தார். 1922இல் பிரான்சின் ஆராஸ் நகருக்கு அருகில் கிடைத்த தங்கப் பதக்கம் ஒன்றில், குதிரைமேல் வரும் கான்ஸ்டான்ஷியஸின் முன் லண்டன் நகரம் மண்டியிட்டு வரவேற்கிறது. "நித்திய ஒளியை மீட்டளித்தவர்" என்று எழுத்து. வென்றவர்களின் வரலாறு அது. தோற்றவருடைய பெயர் தாங்கிய கல்வெட்டு ஒன்றே ஒன்று, கார்லைல் நகருக்கு அருகில் ஆற்றில் கிடைத்த மைல்கல்லாக எஞ்சியிருக்கிறது. பின்னாளில் அந்தக் கல்லைத் தலைகீழாக நட்டு மறுமுனையில் கான்ஸ்டான்ஷியஸின் மகன் கான்ஸ்டன்டைனின் பெயரைப் பொறித்தார்கள். கராசியஸின் பெயர் மண்ணுக்குள் போனதால் அழியாமல் தப்பியது.

ஃப்ரூம் பானையில் கராசியஸின் காசுகள் 760க்கும் மேல் இருந்தன. அவற்றுள் ஐந்துதான் நான் முதலில் சொன்ன வெள்ளித் தெனாரியஸ்கள். பானையில் இருந்தவற்றுள் காலத்தால் பிந்தியவை அவருடைய காசுகளே என்பதால், பானை 290ஆம் ஆண்டை ஒட்டி, அவர் ஆட்சியிலேயே புதைக்கப்பட்டது என்று கொள்ளலாம். இப்போது எண் போட்ட பைகளுக்குத் திரும்ப வேண்டும். உண்டியலில் ஆண்டுக்கணக்கில் காசு போட்டுச் சேர்த்தால் பழையவை அடியிலும் புதியவை மேலேயும் இருக்கும். ஃப்ரூமில் நிலைமை வேறு: கராசியஸின் காசுகளில் மிகப் பெரும்பாலானவை பானையின் பாதிக்கும் கீழே ஒரே மட்டத்தில் சேர்ந்து கிடந்தன. அவற்றுக்கு மேலே இருந்த பல்லாயிரம் காசுகள் அவற்றைவிடப் பழையவை. ஆகவே நாற்பது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பாக இந்தப் பானை இருக்க முடியாது. சிறு பைகளிலோ கலங்களிலோ கொண்டுவந்த காசுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேரத்தில் உள்ளே கொட்டியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றில் கராசியஸின் புதுக் காசுகள் இருந்திருக்கின்றன.

யார் கொட்டினார்கள், எதற்காக? பிரிட்டனில் 253 முதல் 296 வரையான காசுகளைக் கொண்ட புதையல்கள் 600க்கும் மேல் தெரியவந்திருக்கின்றன. கொள்ளையருக்கும் போருக்கும் அஞ்சிப் புதைத்தவர்கள் திரும்பி வந்து எடுக்க உயிரோடு இல்லை என்பதே இவற்றுக்கு வழக்கமாகச் சொல்லப்பட்ட காரணம். சாமர்செட் பகுதி அக்காலத்தில் அமைதியான, வளமான நிலம். பாத் நகரின் வெந்நீர் ஊற்றும் மெண்டிப் குன்றுகளின் ஈய, வெள்ளிச் சுரங்கங்களும் அருகில் இருந்தன. அடுத்த நூற்றாண்டில் பெரிய பண்ணை மாளிகைகள் எழுந்ததும் இந்தப் பகுதியில்தான். ஆகவே அச்சம் மட்டுமே காரணம் என்பது இங்கே ஒட்டவில்லை. இரண்டாவது விளக்கம், திருத்தப்பட்ட நாணயத்துக்கு முன் மதிப்பிழந்த பழைய காசுகளை மக்கள் ஒதுக்கிவிட்டார்கள் என்பது. மூன்றாவது, ரோஜர் பிளாண்ட் முன்வைத்தது: அந்த மெல்லிய பானையை முதலில் குழியில் இறக்கிய பிறகே நிரப்பியிருக்க முடியும், நிரம்பிய பின் உடைக்காமல் தூக்கவே முடியாது, திரும்ப எடுக்கும் எண்ணம் உடையவர்கள் சிறு கலங்கள் பலவற்றைத் தேர்ந்திருப்பார்கள், ஆகவே இது ஊராரோ ஒரு குழுவினரோ கூடித் தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கையாக இருக்கலாம். பாத் நகரில் சூலிஸ் மினர்வா தேவியின் ஊற்றில் 12,000க்கும் மேற்பட்ட காசுகளும், மாகாணத்தின் வட எல்லையிலிருந்த ஹேட்ரியன் மதிலையொட்டிய கவன்டினா தேவியின் கிணற்றில் ஆயிரக்கணக்கான காசுகளும் கிடைத்திருப்பதால், காசைத் தெய்வத்துக்கு விடும் வழக்கம் அந்த மாகாணத்தில் வேரூன்றியிருந்தது என்பதில் ஐயமில்லை.

இந்த வாதத்தில் ஒரு பகுதி எனக்கு நிறைவளிக்கவில்லை. தூக்க முடியாத பானையிலிருந்தும் கையால் அள்ளிக் காசை எடுக்க முடியும். வீட்டுத் தரையில் பதித்த தானியக் குதிர் போல அதைப் பயன்படுத்த எண்ணியிருந்தால் பளு ஒரு தடையே அன்று. அதே வேளையில், ஒரே நேரத்தில் பலருடைய பைகள் ஒரே பானைக்குள் சென்றதாகக் காட்டும் அடுக்குகளை, ஒரு தனிமனிதரின் அவசரப் புதைப்பு என்று விளக்குவது அதைவிடக் கடினம். மதிப்பிழந்த காசை ஒதுக்கியதே காரணம் என்ற கருத்தும் இந்தப் பானைக்குப் பொருந்தவில்லை என்றே நான் முடிவு செய்கிறேன். இந்தக் குவியல் ஒரு படைவீரனின் ஏறக்குறைய நான்கு ஆண்டு ஊதியத்துக்கு இணையானது என்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தார் மதிப்பிட்டார்கள். அது கழித்துப் போடும் தொகை அன்று. அதற்கும் மேலாக, அந்த ஐந்து தெனாரியஸ்கள் இருக்கின்றன. 290ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒருவர் கையில் இருந்திருக்கக்கூடிய மிகச் சிறந்த வெள்ளி அவை, புதியவை, எந்தச் சந்தையிலும் எவரும் மறுக்காமல் வாங்கியிருப்பார்கள். பயனற்ற செம்பைக் கழித்துக்கட்ட வந்தவர்கள் அவற்றைத் தனியே எடுத்து மடியில் முடிந்துகொண்டு போயிருப்பார்கள். அவை ஐம்பதாயிரம் மட்டக் காசுகளோடு சேர்ந்து பானைக்குள் போயிருக்கின்றன என்றால், போட்டவருக்கு அந்தச் செயல் அந்த வெள்ளியைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். காணிக்கை என்ற விளக்கத்தின் பக்கம் என்னை நிற்கவைப்பது அந்த ஐந்து காசுகளே.